செத்தாலும் மிதிக்காத வாசற்படி

சபதம் போடுவது சுலபம். போட்ட வாயோடு அதே லயத்தில், தொழிலாளர் வீடுகளின் அந்த ஒரே வரிசையில், நான்கு காம்பரா தள்ளிக் குடியிருப்பதுதான் கஷ்டம். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்னமுத்து அந்தக் கஷ்டத்தைப் பல வருடமாகப் பட்டுக்கொண்டிருந்தார். அவரைவிட அதிகமாகப் பட்டது அவருடைய தங்கை சந்திரிகா.

எல்லாம் ஒரு பேனரால் வந்த வினை. சந்திரிகாவின் மகள் கிருஷாந்தி பெரியவளானபோது, அவளுடைய அப்பா கணேஸ் கண்டி டவுனுக்குப் போய் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கில் ஒரு பேனர் அடித்துக்கொண்டு வந்தார். அதில் கணேசின் அண்ணன் தம்பிகள் பெயர் இருந்தது. கோயில் கமிட்டித் தலைவர் பெயர் இருந்தது. சாமான் ஏற்றி வந்த வேன்காரர் பெயர்கூட இருந்தது. தாய்மாமன் பெயர் இல்லை. தப்படித்து, சீர்த்தட்டுகளோடு ஊர்வலமாக வந்த சின்னமுத்து பேனருக்குக் கீழே நின்று மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தார். ஒருவேளை கீழிருந்து படித்தால் இருக்குமோ என்று அப்படியும் படித்தார். பிறகு தட்டுகளை முற்றத்தில் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, ஊர் கேட்க ஒரு வார்த்தை சொன்னார்.

"செத்தாலும் உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

நம்மவர்களில் இதைச் சொல்லாதவர் யார். ஆயுளில் ஒரு முறையாவது எல்லோரும் சொல்வதுதான். பிறகு ஒரு கல்யாணமோ கருமாதியோ வரும், யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள், முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்து இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிடுவோம். சின்னமுத்து அந்த ரகம் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவருக்கு ஒரு வெறி உண்டு, சொன்னது தப்பென்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கூட.

ஆனால் உறவை வெட்டவும் இல்லை. சபதம் வாசற்படியைப் பற்றியதுதானே, தங்கையைப் பற்றியது இல்லையே. தினமும் சாயந்தரம் வந்து முற்றத்தில் நிற்பார். ஜன்னல் கம்பி வழியாக சந்திரிகா தேத்தண்ணீர் நீட்டுவாள். மழை பெய்தால் குடைக்குள் நின்று குடிப்பார். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஜன்னலுக்கு வெளியே பகல் முழுக்க நின்று, கொத்தமல்லி எவ்வளவு, சுக்கு எவ்வளவு என்று கத்திக்கொண்டிருந்தார். கணேஸ் புது அலுமாரி வாங்கிய அன்று ரோட்டிலிருந்து ஒரு பக்கத்தைத் தோளில் சுமந்து வந்தவரும் அவரே. வாசற்படி வந்ததும் கையை விட்டவரும் அவரே. கணேசின் கால் பெருவிரல் நகம் திரும்ப முளைக்க நாளானது.

இப்போது கிருஷாந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிலிமத்தலாவைக்காரர், அடுத்த மாதம் முகூர்த்தம். இவர்கள் வழக்கப்படி தாய்மாமன் வீட்டுக்குள்ளே போய்ப் பெண்ணின் கையைப் பிடித்து, வாசற்படி தாண்டி வெளியே கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

"பாப்பாவ நீங்களே வெளிய கொண்டாந்து விடுங்க. நான் முத்தத்துல நின்னு கையப் புடிச்சிக்கிறேன்" என்றார் சின்னமுத்து.

மாப்பிள்ளை வீட்டாருக்கு இது பிடிக்கவில்லை. தாய்மாமனே நுழையாத வீட்டில் என்ன குறையோ என்று அவர்கள் பேசிக்கொண்டது சந்திரிகாவின் காதுக்கு வந்தது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். தன் மகள் தலை குனிந்து நிற்கும்போது நீட்டுவதற்கு ஒரு கை இல்லாமல், அந்தக் கைக்குரியவர் பத்தடி தூரத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்தால்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், இரண்டு நாள் தேத்தண்ணீரை நிறுத்திக்கூடப் பார்த்தாள். மனிதர் முற்றத்தில் சும்மா நின்றுவிட்டுப் போனார்.

இந்த நேரத்தில்தான் செத்தவர்கள் படம் எடுக்க ஆள் வந்தது.

கிருஷாந்திக்குக் கண்டியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் வேலை. அங்கே காமரா பிடிக்கும் இல்ஹாம் கலகெதரப் பையன், நல்ல பிள்ளை. மாப்பிள்ளையும் பொண்ணும் பூங்காவில் ஓடுவதை எடுத்து எடுத்து வெறுத்துப் போய், சொந்தமாக ஒரு ஜோம்பிப் படம் எடுத்தே தீருவதென்று முடிவு கட்டியிருந்தான். மூடுபனியும் மலையும் வேண்டுமென்றான். ஆள் கூட்டமும் வேண்டுமென்றான். கிருஷாந்தி தன் தோட்டத்தைச் சொன்னாள். தோட்டத்துத் துரை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் அனுமதி கொடுத்தார்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் சனங்களை உட்காரவைத்து இல்ஹாம் விளக்கம் சொன்னான். முதல் வரிசையில் கோயில் பூசாரி யோகராஜ் உட்கார்ந்திருந்தார். அந்த வட்டாரத்தில் யாருக்குப் பேய் பிடித்தாலும் அவர்தான் பேசித் தீர்ப்பவர் என்பதால், இந்தப் புதுப் பேயைப் பற்றி விசாரிக்கும் பொறுப்பும் அவருக்கு வந்து சேர்ந்தது.

"இது பேய் இல்ல அங்கிள்" என்றான் இல்ஹாம். "பேயின்டா உடம்பு போயிடும், உசிரு மட்டும் சுத்தும். இதுக்கு உசிரு போயிடும், உடம்பு மட்டும் சுத்தும்."

"சரி. வந்து என்னா கேக்கும்?"

"ஒண்டும் கேக்காது."

"கோழி, கருவாடு, சுருட்டு?"

"ஒண்டுமே இல்ல அங்கிள்."

"பேராவது சொல்லுமா? யாரு, எந்தத் தோட்டம், எப்பிடிச் செத்துச்சுன்னு?"

"பேச்சே வராது. வரும், கடிக்கும். கடிபட்ட ஆளும் அப்பிடியே ஆயிடுவாங்க. தலையில அடிச்சாத்தான் விழும்."

யோகராஜ் கவலையோடு பின்னால் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ முரட்டுப் பேய்களை ஓர் எலுமிச்சம்பழத்தில் வழிக்குக் கொண்டு வந்தவர். "பேச்சுவார்த்தைக்கே வராதுன்னா அது கூட என்னாத்தப் பண்றது" என்றார்.

இல்ஹாம் விட்டானா. இந்த ஜோம்பி கதை முதலில் பிறந்ததே தோட்டத்தில்தான் என்று ஆரம்பித்தான். எங்கேயோ தூரத்துத் தீவில் கரும்புத் தோட்டங்கள் இருந்தனவாம். மந்திரவாதிகள் செத்தவர்களைக் குழியிலிருந்து எழுப்பி, இரவு பகலாக வயலில் வேலை வாங்குவார்கள் என்று அங்கே சனங்கள் நம்பினார்களாம்.

மடுவமே கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

"செத்தப் பொறகுமா?" என்றாள் ஒருத்தி.

"பேரு போடுவாங்களா, அரைப்பேரா?" என்றாள் இன்னொருத்தி. முழுநாள் கூலிக்குக் கொழுந்து போதாவிட்டால் அரைப்பேர் என்பது அங்கே கணக்கு.

"கூலியே இல்ல ஆன்டி. சோறு மட்டும் குடுப்பாங்களாம். அதுவும் உப்பில்லாத சோறு. தெரியாம வாயில உப்புப் பட்டுட்டா, தான் யாருன்டு அதுக்கு ஞாபகம் வந்திடுமாம். வேலைய விட்டுட்டு நேரா குழிக்கே போயிடுமாம்."

பெண்களுக்கு இது புதுச் செய்தியாகவே படவில்லை. உப்புப் போட்டுத் தின்றால்தான் ரோசம் வரும் என்பது தெரிந்த விஷயம்தானே, தீவுக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தூணில் சாய்ந்திருந்த சின்னமுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அதுக்கு சொந்தக்காரங்கள அடையாளம் தெரியுமா தம்பி?"

"தெரியாது அங்கிள். அம்மாவையே தெரியாது."

"பாவம்" என்று உச்சுக் கொட்டினார் சின்னமுத்து. பெண்கள் பக்கம் இருந்த சந்திரிகா அதைக் கேட்டாள். யார் யாருக்குப் பாவம் பார்ப்பதென்று ஒரு விவஸ்தை இல்லையா என்று அவளுக்குக் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. முகம் பூசுவதற்கு ஸ்டூடியோவிலிருந்து பஸீஹா வந்திருந்தாள். மணப்பெண் அலங்காரத்தில் கண்டியில் அவளுக்கு நல்ல பெயர். அதுதான் சிக்கலாகப் போனது. அவள் கையில் அகப்பட்ட முதல் நான்கு ஜோம்பிகளும் கன்னம் மினுங்க, புருவம் வளைய, தாலி கட்டிக்கொள்ளத் தயாராக எழுந்து வந்தார்கள்.

"பஸீஹா, இவங்க மௌத்தாகி மூணு நாள்" என்றான் இல்ஹாம்.

"அதுக்கு? மூஞ்சியில ஒரு களை வேணாமா?"

பிறகு கோதுமை மாவும் மஞ்சளும் அடுப்புக்கரியும் வந்தன. ஆண்கள் சீக்கிரம் செத்தார்கள். பெண்கள், பொட்டை மட்டும் அழிக்க முடியாது, புருஷன் கல்லுப்போல இருக்கும்போது என்ன பேச்சு என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்தப் படத்தில் வரும் பெண் ஜோம்பிகள் எல்லோருக்கும் குங்குமப் பொட்டு உண்டு.

அடுத்து கடிக்கிற விவகாரம். தேயிலைக்குள் ஓடும் ஒரு பெண்ணை யோகராஜ் எட்டிப் பிடித்துத் தோளில் கடிக்க வேண்டும். ஓடியவள் அவருடைய சொந்த மருமகள். மாமனார் மருமகளைத் தொடுவதா என்று இருவருமே நின்றுவிட்டார்கள். வேறொருவரைக் கூப்பிட்டால் அவர் கொழுந்தன் முறை. இன்னொருவர் அண்ணன் முறை. கடைசியில் முறைமாமன் மகன் ஒருவன் சந்தோஷமாக முன்வந்தான். அவளுடைய புருஷன் ஜோம்பிக் கூட்டத்துக்குள்ளிருந்து கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். செத்த பிறகு முறையெல்லாம் கிடையாது, ஜோம்பிக்கு உறவே தெரியாது என்று இல்ஹாம் தொண்டை கிழியச் சொன்னான்.

"அதுக்குத் தெரியாது தம்பி" என்றார் யோகராஜ். "எங்களுக்குத் தெரியுதே."

பெண்களைப் பெண்களே கடிப்பதென்று முடிவானது.

நடை விஷயத்தில் மட்டும் இல்ஹாமுக்கு ஒரு புதையல் கிடைத்தது. மற்றவர்கள் சம்பள நாள் சாயந்தரம்போல் தள்ளாடினார்கள். சின்னமுத்துவோ சும்மா நடந்தார். கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்ததிலிருந்து அவருடைய இடது முழங்கால் மடங்காது. காலை இழுத்து, கொஞ்சம் நின்று, மறுபடி இழுப்பார். மூடுபனிக்குள் அந்த நடை வருவதைக் காமராவில் பார்த்துவிட்டு இல்ஹாம் கிருஷாந்தியிடம், இந்த அங்கிள்தான் என் படமே என்றான். அவரையே எல்லா ஜோம்பிக்கும் தலைவராகப் போட்டான்.

கடைசிக் காட்சிக்கு ஒரு வீடு வேண்டும். லயத்தின் தொங்கலில் இருந்த காம்பராவை அவன் தேர்ந்தெடுத்தான். அதற்கு அப்பால் வீடு இல்லை, மலையும் பனியும்தான். அது சந்திரிகாவின் வீடு. முற்றத்து வழியாக ஜோம்பிகள் வர வேண்டும், தலைவர் முதலில் உள்ளே நுழைய வேண்டும், உள்ளே இருக்கும் பெண் விளக்குமாற்றால் அவர் தலையில் அடிக்க வேண்டும். வீட்டுக்காரியே அந்தப் பெண்ணாக இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டான். அவனுக்குச் சபதமும் தெரியாது, பேனரும் தெரியாது.

கிருஷாந்தி அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அம்மா கண்ணால் சொன்னாள். கணேஸ் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே மூலையில் நின்றார்.

முதல் தடவை சின்னமுத்து அருமையாக வந்தார். காலை இழுத்து, வாயைக் கோணி, உறுமிக்கொண்டு வாசற்படி வரை வந்தார். அங்கே நின்றார். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அங்கிள், ஜோம்பி நிக்காது. போங்க உள்ளுக்கு."

இரண்டாம் தடவை சின்னமுத்து வாசற்படியில் மெல்ல ஒதுங்கி, பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டார். அவர்கள் வரிசையாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். இல்ஹாம் தலையில் கை வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தான். பனி இறங்கத் தொடங்கியிருந்தது, வெளிச்சம் போய்விடும், இன்னொரு ஞாயிறு கிடைக்காது. சந்திரிகா உள்ளிருந்து பார்த்தாள். அண்ணன் கால் படிக்கு மேலே எழுந்ததையும், அந்தரத்தில் நின்றதையும், திரும்பிப் போனதையும் இரண்டு தடவையும் பார்த்தாள்.

யாரோ இல்ஹாமிடம் சபதத்தைச் சொன்னார்கள். அவன் எழுந்து வந்தான்.

"அங்கிள், நீங்க இப்ப அங்கிள் இல்ல. செத்த ஆள்."

"அதத்தான் தம்பி நானும் சொல்றேன். செத்தாலும்னு சொல்லியிருக்கேன். உசிரோட மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா இப்பப் போயிருப்பேன்."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. எல்லோரும் யோகராஜைப் பார்த்தார்கள். கண்ணைச் சுற்றிக் கரி பூசியிருந்த யோகராஜ், தாடையைச் சொறிய, மாவு உதிர்ந்தது.

"தம்பி, இந்த ஜோம்பி செத்ததா, உசிரோட இருக்கறதா? ஒண்ணச் சொல்லு."

"ரெண்டும் இல்ல அங்கிள். செத்தது, ஆனா சாகல்ல. அதுதான் ஜோம்பி."

"அப்பிடிச் சொல்லு" என்றார் யோகராஜ். "சின்னமுத்து, நீ சொன்ன சொல்லு இருக்கறவனுக்கும் செல்லும், செத்தவனுக்கும் செல்லும். ரெண்டுங் கெட்டதுக்கு எப்பிடிச் செல்லும்?"

முற்றம் முழுக்கத் தலையாட்டியது. ஆனால் சின்னமுத்து லேசில் விடுகிறவரா. இல்ஹாமின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் விசாரித்தார். அதற்குத் தன் பெயர் தெரியுமா. தெரியாது. அந்த வீடு யார் வீடென்று தெரியுமா. தெரியாது. கோபம் இருக்குமா. இருக்காது. மானம், ரோசம்?

"ஒண்டும் ஈக்காது அங்கிள். வயிறு மட்டுந்தான்."

சின்னமுத்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி தூரத்துக்குப் போனார்.

மூன்றாம் தடவை அவர் வந்ததைப் பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள், பழகிய ஆளுக்கே பயமாக இருந்தது என்று. கண்ணில் ஒரு சொட்டு ஞாபகம் இல்லை. காலை இழுத்து முற்றம் கடந்தார், காலை இழுத்துப் படியில் வைத்தார், மற்றக் காலையும் தூக்கி உள்ளே வைத்தார். இல்ஹாம் காமராவோடு பின்னால் வந்தான். விளக்குமாற்றால் அடிக்க வேண்டிய சந்திரிகா அதை ஓங்கியபடியே நின்றாள். எதிரே மஞ்சளும் கரியும் வழிய ஒரு பிணம் நின்றது. ஆனால் வாசற்படி தாண்டி உள்ளே வந்த ஒருவரைப் பார்த்து என்ன சொல்வதென்று அவள் வாய்க்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அது அவளைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை.

"வாண்ணே. உக்காரு" என்றாள். கை விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டது.

"ம், இருக்கட்டும்" என்றது ஜோம்பி. உட்கார்ந்தும் விட்டது.

இல்ஹாம் காமராவை இறக்கினான். பிறகு கெஞ்சும் குரலில் ஆரம்பித்தான். "பரவாயில்ல ஆன்டி. இன்னொருக்கா போவம். அங்கிள், வெளிய போய் அங்க இருந்து வாங்க."

சின்னமுத்து எழவில்லை. "எப்பிடிப் போறது?" என்றார்.

"ஏன்?"

"வர்றப்ப அது வந்துச்சு. இப்பப் போறது யாரு?"

யோகராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து தீர்ப்புச் சொன்னார். உள்ளே வந்தது ஜோம்பிதான், அதில் குற்றமில்லை. ஆனால் அண்ணன் என்று கூப்பிட்டதற்கு 'ம்' என்று சொன்னது சின்னமுத்து. உறவு சொல்லிக் கூப்பிட்டுப் பதிலும் வந்த பிறகு அது எப்படி ஜோம்பி. ஆக இப்போது வீட்டுக்குள் இருப்பது உயிரோடு இருக்கும் சின்னமுத்து. அவர் வெளியே போவதென்றால் வாசற்படியை மிதிக்காமல் முடியாது, மிதித்தால் சபதம் போச்சு.

காம்பராவுக்குப் பின்கதவு கிடையாது. ஜன்னலில் கம்பி. கால் படாமல் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றான் ஒரு ஜோம்பி. கல்யாண வீட்டிலிருந்து ஓர் ஆளை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வெளியே வருவது பார்க்க நன்றாகவா இருக்கும் என்று கணேஸ் மூலையிலிருந்து கேட்டார். அட்டையை இன்னும் கீழே வைக்கவில்லை. அவர் சொன்னதும் சரிதான் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பஸீஹாதான் வழி கண்டுபிடித்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "இன்னொருக்கா நல்லாப் பூசி விடுறன். ஜோம்பியாவே நடந்து வெளிய போகட்டும். யாரும் அவரக் கூப்பிட வேணாம்."

முற்றத்தில் பெருமூச்சு கேட்டது. பிரச்சினை தீர்ந்தது. சின்னமுத்து, பிள்ளை மாதிரி முகத்தை நிமிர்த்தி அவளிடம் காட்டினார்.

அதைப் பார்த்ததும் சந்திரிகாவுக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. தன் வீட்டைவிட்டுப் போவதற்காக மனிதர் பிணமாவதற்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பஸீஹாவின் கையிலிருந்த பஞ்சை வாங்கி மேசையில் வைத்தாள்.

"பூசாதம்மா. அண்ணே, நல்லாக் கேட்டுக்க. உனக்கு மானம் இருக்கு, ரோசம் இருக்கு, ஞாபகம் இருக்கு. எல்லாம் இருக்கற உன்னால நாலு காம்பரா தாண்டி உள்ள வர முடியல. ஒண்ணுமே இல்லாத அது வந்துச்சு. வந்து உக்காந்துச்சு. அந்த ஒரு நிமிசம் எனக்கு அண்ணன் இருந்தான். போதும். கல்யாணத்துக்கு நான் அதையே கூப்பிட்டுக்கிறேன். எம் மக கையப் புடிக்க அது வரட்டும். நீ போ."

சின்னமுத்து கதிரையின் கையைப் பிடித்து எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு கதவுக்குப் போனார், இடது காலைத் தூக்கிப் படியின் நடுவில் வைத்து நன்றாக மிதித்தார், இறங்கினார். ஜோம்பிகள் விலகி வழி விட்டார்கள். அவர்களைத் தாண்டிப் பனிக்குள் போய்விட்டார்.

போ என்றாள், போய்விட்டார். இத்தனை வருடம் ஜன்னலாவது இருந்தது, இப்போது அதையும் தன் வாயாலேயே அடைத்துவிட்டோமே என்று சந்திரிகா இடிந்து போய் நின்றாள். நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது. கணேஸ் அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "நீ கேட்டதுல தப்பில்ல" என்றார். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை, சொல்லியும் அவளுக்கு அது காதில் ஏறவில்லை.

லயத்து மூலையில் பீலிக் குழாயிலிருந்து விழும் தண்ணீரின் சத்தம் மாறியது. யாரோ தண்ணீரை மறித்து முகம் கழுவுகிற சத்தம். கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு காலை இழுக்கும் ஓசை திரும்பி வந்தது.

சின்னமுத்து வாசற்படிக்கு வெளியே வந்து நின்றார். முகத்தில் தண்ணீர் சொட்டியது. காதோரத்தில் மஞ்சள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, மற்றபடி அது அவருடைய சொந்த முகம், வயதான முகம்.

"போகையிலேயே மிதிச்சிட்டேன்" என்றார். "சொன்ன சொல்லு போச்சு. தோட்டமே பாத்துருச்சு." தங்கையைப் பார்த்தார். "செத்து வந்தப்ப வாண்ணேன்னு சொன்ன. இப்ப உசிரோட வந்திருக்கேன். என்னா சொல்ற?"

சந்திரிகா கதவிலிருந்து விலகி நின்றாள். கணேஸ்தான், "வாங்க மச்சான்" என்றார். சின்னமுத்து அவரை ஒரு முறை பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"பாப்பா எங்க?"

கிருஷாந்தி ஜன்னலோரத்தில் அழுதுகொண்டு நின்றாள். "இங்க வா. கையக் குடு. ஒரு தடவ நடந்து பாத்துருவோம். அன்னிக்கிப் போயி தடுமாறிக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார்.

அவள் கையைக் கொடுத்தாள். வெளியே முற்றத்தில், யாரும் சொல்லாமலே, செத்தவர்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து நின்றார்கள். கரி பூசிய யோகராஜ் தலைப்பாகையைச் சரி செய்தார். பொட்டு வைத்த ஜோம்பி ஒருத்தி வாயில் கை வைத்துக் குலவையிட, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இல்ஹாம் காமராவைத் தூக்கவில்லை. அவனும் வரிசையில் ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.

சின்னமுத்து மருமகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார், அந்தக் கால் இழுபட. சந்திரிகா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"பாத்து மிதிண்ணே" என்றாள். "படி இருக்கு."